க்யூஓஎஸ் போட்டும் குரல் வெட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்து ஸ்விட்ச் போர்ட்டைச் சரிசெய்யும் வழி

"க்யூஓஎஸ் எல்லாம் போட்டாச்சு, ஆனா போன்ல இன்னும் குரல் வெட்டுது." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. (க்யூஓஎஸ் என்பது நெரிசலில் குரல் போன்ற அவசரப் பாக்கெட்டுகளை ஸ்விட்ச் முதலில் அனுப்பும்படி செய்யும் அமைப்பு. போன் என்றால் இங்கே நெட்வொர்க் கேபிளில் ஓடும் அலுவலக போன்.) ஒவ்வொரு முறையும் போய் அதே ஏழெட்டு இடங்களைத்தான் பார்க்கிறேன், அநேகமாக அவற்றில் ஒன்றில்தான் கோளாறு மாட்டுகிறது. அதனால் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன். பாடம் எதுவும் இதில் கிடையாது. உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

கட்டளைகள் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு வேறு. அதனால் எந்தக் கவுண்டரை, அதாவது ஸ்விட்ச் வைக்கும் எந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், அது உங்கள் ஸ்விட்சில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்கள் தேடிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பாலிசியை, அதாவது க்யூஓஎஸ் விதிகளைத் தொடாதீர்கள். முதலில் போர்ட் என்ன வேகத்தில் எழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் இரண்டு வாரமாகக் குரல் வெட்டிக்கொண்டிருந்தது, மூன்று பேர் மாறி மாறி க்யூ (வரிசை) அமைப்பைத் திருத்தி எழுதியிருந்தார்கள், நான் போய்ப் பார்த்தால் அப்லிங்க் (அடுத்த ஸ்விட்சுக்கோ ரவுட்டருக்கோ போகும் இணைப்பு) 1000க்குப் பதில் 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்ச் கார்டில் (குட்டைக் கேபிளில்) ஒரு ஜோடி கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் லிங்க் விழாமல் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டது, பச்சை விளக்கும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. கேபிளை மாற்றியதும் புகார் நின்றது. அந்த மூன்று பேர் எழுதியதைக் கழற்றி எடுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்து டூப்ளெக்ஸ், அதாவது இரு திசையிலும் ஒரே நேரத்தில் போகிறதா (ஃபுல்), மாறி மாறிப் போகிறதா (ஹாஃப்) என்பது. ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கையால் நிலைநிறுத்தி, மறு பக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷனும் (தாமத மோதல்) ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த ஃப்ரேம்) ஏறினால் சந்தேகமே வேண்டாம், இதுதான். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் ஒரே மாதிரி நிலைநிறுத்துங்கள்.

மூன்றாவதாகக் கவுண்டர்களை அழித்துவிட்டு, புகார் வரும் நேரம் வரை காத்திருந்து, மறுபடி பாருங்கள். ஸ்விட்ச் எழுந்து 400 நாள் ஆகியிருக்கும், அதில் 12,000 ட்ராப் (தூக்கி எறிந்த பாக்கெட்) இருப்பது எதையும் சொல்லாது. அழித்த பிறகு எந்தக் கவுண்டர் ஏறுகிறது என்பதுதான் முக்கியம். சிஆர்சி ஏறினால் கேபிள், எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் மாட்யூல்), போர்ட் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். அது க்யூஓஎஸ் பிரச்சினையே இல்லை, இதற்கு மேல் படிக்கவும் வேண்டாம். அவுட்புட் ட்ராப் (வெளியே போகும் பக்கம் எறியப்பட்டவை) ஏறினாலோ, எந்தக் கவுண்டரும் ஏறாமலே குரல் வெட்டினாலோ கீழே வாருங்கள்.

இருக்கிற கான்ஃபிகை ஒரு நகல் எடுத்து வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நானே இதை மீறித்தான் கற்றுக்கொண்டேன்.

## அறிகுறி: யாராவது பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் குரல் வெட்டுகிறது

இதுதான் அசல் க்யூஓஎஸ் அறிகுறி. மற்ற நேரத்தில் சுத்தமாக இருந்து, லிங்க் நிரம்பும்போது மட்டும் வெட்டுகிறது என்றால், நெரிசலில் குரல் பாக்கெட் மற்றவற்றோடு சேர்ந்து நின்றுகொண்டிருக்கிறது.

ஐந்து நிமிடச் சோதனை இது. இரண்டு லினக்ஸ் கணினிகளை லிங்க்கின் இரு பக்கமும் வையுங்கள். ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) ஓட்டி லிங்க்கை நிரப்புங்கள். அதே நேரத்தில் இரண்டு ஜன்னலில் பிங் போடுங்கள், ஒன்று சாதாரணமாக, இன்னொன்று டிஓஎஸ் (பாக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமை எழுதும் எட்டு பிட்) மதிப்பு 184 கொடுத்து. ஏன் 184 என்றால், குரலுக்கான டிஎஸ்சிபி, அதாவது பாக்கெட்டில் வைக்கும் முன்னுரிமைக் குறி 46, அது எட்டு பிட்டில் மேல் ஆறில் உட்காருகிறது, எனவே நான்கால் பெருக்க வேண்டும். இங்கே 46 என்று கொடுத்துவிட்டு "க்யூஓஎஸ் வேலை செய்யல" என்று உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பிங்கை ஸ்விட்சின் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். ஸ்விட்சின் சிபியு தனக்கு நேரம் கிடைக்கும்போதுதான் பதில் சொல்லும், அந்தத் தாமதத்தைப் பார்த்துப் பயந்து ஒரு நாள் வீணாகும்.

184 பிங் சீராக இருந்து சாதாரண பிங் தடுமாறினால் ஸ்விட்ச் சரி, போன்தான் குறி வைக்காமல் அனுப்புகிறது. போன் அமைப்பிலோ சாஃப்ட்போனிலோ பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தடுமாறினால் கீழே உள்ள கிளைகள்.

### கிளை: குறி வழியில் அழிகிறது

மறுமுனையில் போர்ட்டை மிரர் செய்து (அதன் பாக்கெட்டுகளை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் பாருங்கள். அங்கே 46 வராமல் வேறு எண் வந்தால், அந்த எண்ணே குற்றவாளி யார் என்று பாதி சொல்லிவிடும்.

0 வந்தால் ஏதோ ஒரு போர்ட் குறியை நம்பவில்லை, அதாவது வந்த குறியை அழித்துவிடுகிறது. சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வகைகளில் க்யூஓஎஸ்ஸை மொத்தமாக ஆன் செய்த நொடியிலேயே எல்லாப் போர்ட்டும் 'நம்பாதே' நிலைக்குப் போய்விடும், உள்ளே வரும் 46 வெளியே 0 ஆகப் போகும். க்யூஓஎஸ் ஆன் செய்யாதபோது குறி தொடப்படாமல் போய்க்கொண்டிருந்திருக்கும், ஆன் செய்த பிறகு நிலைமை மோசமாகும். புதிய 3850, 9000 வகைகளில் இது தலைகீழ், இயல்பாகவே நம்பும். பழைய பழக்கத்தோடு புதியதில் கை வைத்தாலும், புதிய பழக்கத்தோடு பழையதில் கை வைத்தாலும் இடிக்கும். போன் முனையிலிருந்து ஒவ்வொரு ஸ்விட்சாக, அப்லிங்க் உட்பட, நம்பிக்கை அமைப்பைப் பாருங்கள். அப்லிங்க்கில் போட மறப்பதுதான் அதிகம்.

40 வந்தால் எனக்கு உடனே சிரிப்பு வரும், காரணம் கிட்டத்தட்ட உறுதி. போர்ட் டிஎஸ்சிபியை நம்பாமல் சிஓஎஸ்ஸை நம்பும்படி அமைந்திருக்கிறது. சிஓஎஸ் என்பது விலேன் டேகுக்குள் (ஃப்ரேம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று காட்டும் ஒட்டு) இருக்கும் இன்னொரு முன்னுரிமைக் குறி. போன் விலேன் டேகில் 5 வைத்து அனுப்புகிறது, ஸ்விட்ச் தன் இயல்பான அட்டவணைப்படி 5ஐ எட்டால் பெருக்கி 40 ஆக்கி டிஎஸ்சிபியில் எழுதிவிடுகிறது. 46 போய் 40 ஆகிவிட்டது, அடுத்த ஸ்விட்சோ ரவுட்டரோ 46ஐ மட்டும் தேடுகிறது, கிடைக்கவில்லை. அட்டவணையில் 5க்கு நேரே 46 என்று திருத்துங்கள், அல்லது டிஎஸ்சிபியை நம்பச் சொல்லுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஏனென்றால் சிஓஎஸ் டேகுக்குள்தான் இருக்கிறது, டேக் இல்லாத ஃப்ரேமில் அது கிடையவே கிடையாது. கணினியில் ஓடும் சாஃப்ட்போன் டேக் இல்லாமல்தான் அனுப்பும்.

சில போர்ட்டில் வேலை செய்கிறது, சிலவற்றில் இல்லை என்றால், 'போன் இருந்தால் மட்டும் நம்பு' என்ற நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்விட்ச் போனை அடையாளம் காண்பது சிடிபி (சிஸ்கோ கருவிகள் ஒன்றையொன்று அறியும் நெறிமுறை) வழியாக. பாதுகாப்புக்காக என்று யாரோ சிடிபியை அணைத்திருப்பார், நம்பிக்கையும் அதோடு போயிருக்கும்.

### கிளை: குறி சரியாக வருகிறது, வரிசை தப்பு

46 எந்த வரிசையில் விழுகிறது, அந்த வரிசைக்கு உண்மையிலேயே முன்னுரிமை இருக்கிறதா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மேலே சொன்ன 2960 வகையில் 40 முதல் 47 வரை வரிசை 1க்குப் போகும், அதுவரை சரி. ஆனால் முன்னுரிமை வரிசையைப் போர்ட்டில் தனியாக ஆன் செய்யாவிட்டால் வரிசை 1 இயல்பாகவே ஷேப்பரில் (வேகத்தை ஓர் அளவுக்குள் நிறுத்தி, மிஞ்சியதைக் காக்க வைக்கும் அமைப்பு) கட்டப்பட்டிருக்கும், போர்ட் வேகத்தில் 25இல் ஒரு பங்கு. 100 மெகாபிட் போர்ட்டில் அது 4 மெகாபிட். ஜி.711 (வழக்கமான குரல் குறியாக்கம்) அழைப்பு ஒன்று ஈதர்நெட்டில் ஒரு திசையில் ஏறக்குறைய 87 கிலோபிட், ஆக 45 அழைப்பு வரை ஒன்றும் தெரியாது. 46ஆவது ஆள் பேச ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வெட்டும். காலையில் நன்றாக இருக்கிறது, பதினொரு மணிக்கு வெட்டுகிறது என்ற புகாரில் இதை முதலில் பாருங்கள். முன்னுரிமை வரிசையை ஆன் செய்தால் அந்த ஷேப்பர் தானாகவே செயலிழக்கும்.

சிஓஎஸ்ஸில் 1 என்பது முதல் இடம் அல்ல. தரத்தின்படி 1 பின்னணி வேலைக்கு, 0ஐ விடவும் கீழே. குரலுக்கு 1 கொடுத்து வைத்திருந்த ஒருவர், அதை எடுத்துவிட்டதும் நிலைமை தேறியதைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

### கிளை: ஸ்விட்சில் ட்ராப்பே இல்லை, ஆனாலும் இழப்பு

வெளி லிங்க்கைப் பாருங்கள். போர்ட் 1000 மெகாபிட், வாங்கியிருக்கும் சேவை 100. உங்கள் ஸ்விட்சைப் பொறுத்தவரை நெரிசலே இல்லை, வந்ததை எல்லாம் அள்ளி அனுப்புகிறது. சேவை தருபவரின் பக்கம் 100க்கு மேல் வந்ததைக் குரல், கோப்பு என்று பார்க்காமல் வெட்டுகிறது. நீங்கள் எழுதிய வரிசைகள் எதுவும் ஒரு முறைகூட வேலைக்கு வரவே இல்லை. வெளியே போகும் போர்ட்டில் 95 அளவில் ஷேப்பர் போட்டு, அதற்குள் முன்னுரிமை வரிசை வைத்தால் நெரிசல் உங்கள் கைக்குள் வரும். ஸ்விட்சில் அந்த வசதி இல்லையென்றால் ரவுட்டரில் செய்யுங்கள். எதிர்த்திசையில், அதாவது உள்ளே வரும் பக்கம் நெரிசல் என்றால் உங்களால் முழுதாகத் தீர்க்க முடியாது. அங்கே சேவை தருபவரைக் கூப்பிட்டு, எந்தக் குறியை அவர்கள் மதிக்கிறார்கள், எவ்வளவு வரை என்று கேட்டு வாங்குங்கள். பொது இணையத்தில் உங்கள் 46ஐ யாரும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

## அறிகுறி: க்யூஓஎஸ் ஆன் செய்த பிறகுதான் ட்ராப் ஏறுகிறது, டவுன்லோடு மந்தம்

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் பழைய ஸ்விட்சுகளில் இது இயல்பு. க்யூஓஎஸ் இல்லாதபோது போர்ட்டின் பஃபர் (பாக்கெட் காத்திருக்கும் இடம்) முழுவதும் எல்லோருக்கும் பொது. ஆன் செய்ததும் நான்கு வரிசைக்கும் 25 சதவீதம் என்று பிரித்துவிடும். உங்கள் ட்ராஃபிக்கில் பெரும்பகுதி குறியில்லாத சாதாரண டேட்டா, அது ஒரே வரிசையில் விழுகிறது, மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கின்றன. நாலு அறை வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்த கதை.

முதலில் உங்களுக்கு க்யூஓஎஸ் தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரலோ நேரலை வீடியோவோ நெரிசலான லிங்க்கைப் பகிரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், அதில் வெட்கமே இல்லை. தேவை என்றால் சாதாரண டேட்டா வரிசையின் பங்கைக் கூட்டுங்கள், குரல் வரிசைக்குச் சிறிய பஃபர் போதும். அப்புறம் அந்த வரிசையின் த்ரெஷோல்டை (எவ்வளவு நிரம்பினால் ட்ராப் செய்வது என்ற எல்லையை) உயர்த்துங்கள், அப்போதுதான் பொதுக் குளத்திலிருந்து அது கடன் வாங்க முடியும். 2960 வகையில் இதை 3100 சதவீதம் வரை ஏற்றுவது பலரும் செய்வதுதான். ஆனால் எல்லா வரிசைக்கும் ஏற்றினால் ஒரு பேராசைப் போர்ட் குளத்தையே காலி செய்யும்.

பயன்பாடு 8 சதவீதம்தான் காட்டுகிறது, எப்படி ட்ராப் ஆகும்? ஸ்விட்ச் காட்டுவது ஐந்து நிமிடச் சராசரி. கிகாபிட் சர்வர் ஒரு மில்லிநொடி வெடித்தாலே 1,25,000 பைட் வந்து விழும், 100 மெகாபிட் போர்ட் அதை வெளியே தள்ள 10 மில்லிநொடி வேண்டும். அதற்குள் பஃபர் வழிந்துவிடும், சராசரியில் ஒரு சுவடும் இருக்காது. சராசரிக் கணக்கை 30 நொடிக்கு இறக்கினாலும் முழுதாகப் பிடிபடாது. ட்ராப் கவுண்டரைச் சில நொடிக்கு ஒரு முறை எடுத்து நேரத்தோடு குறித்துப் பாருங்கள், பேக்கப் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போகும்.

டிசிபி (கோப்பு, வலைப்பக்கம் அனுப்பும் நெறிமுறை) ட்ராப்பை வைத்துத்தான் தன் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது, எனவே ட்ராப் பூஜ்யம் ஆகவேண்டும் என்று அலையாதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இருந்து யாரும் புகார் சொல்லவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன். மேலே சொன்னதெல்லாம் செய்தும் ஏறிக்கொண்டே இருந்தால் அந்தப் போர்ட்டை வேகமானதாக மாற்ற வேண்டும், அல்லது பெரிய பஃபர் உள்ள ஸ்விட்ச் வாங்க வேண்டும். வாங்கும் முன் வடிவமைப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், வேகமான ஸ்விட்ச் எல்லாம் பெரிய பஃபர் உள்ளதாக இருக்காது.

## அறிகுறி: குரல் அருமை, மற்றதெல்லாம் படுத்துவிட்டது

முன்னுரிமை வரிசைக்குள் தேவையில்லாத யாரோ நுழைந்திருக்கிறார். அந்த வரிசையின் கவுண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். பத்து அழைப்பு ஓடினால் ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. அங்கே 300 மெகாபிட் ஓடினால் அது குரல் இல்லை. கேமராக்களை யாரோ 46இல் குறித்திருப்பார், அல்லது 'எல்லாப் போர்ட்டையும் நம்பு' என்று போட்டதால் ஏதோ ஒரு கணினி தானாகவே 46 வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

கேமரா வீடியோவை எடுத்து விகிதப் பங்கு உள்ள வரிசையில் போடுங்கள், மீட்டிங் வீடியோவுக்கு டிஎஸ்சிபி 34 வழக்கம். போன் இல்லாத போர்ட்டில் நம்பிக்கையை நீக்குங்கள். கடைசியாக, முன்னுரிமை வரிசைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். லிங்க்கில் மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு. ரவுட்டிங் அண்டை வீட்டாரோடு (பாதை விவரம் பகிரும் பக்கத்து ரவுட்டர்கள்) தொடர்பு விழுந்து விழுந்து எழுந்தால் உடனே கவனியுங்கள், 48 குறியோடு வரும் ரவுட்டிங் பாக்கெட்டுகளும் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் சோதனை பண்ணிக்கொண்டிருக்காதீர்கள், பாலிசியைக் கழற்றிவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

## அறிகுறி: 10 மெகாபிட் வரம்பு போட்டேன், 4தான் கிடைக்கிறது

யூடிபியில் (டிசிபி போல இழப்பைப் பார்த்து வேகம் குறைக்காத நெறிமுறை) ஐபெர்ஃப் ஓட்டுங்கள். யூடிபிக்கு 10 கிடைத்து டிசிபிக்கு மட்டும் 4 என்றால் போலீசரின் (வரம்பை மீறியதை அப்போதே எறியும் அமைப்பு) பர்ஸ்ட் அளவு, அதாவது ஒரே மூச்சில் அனுமதிக்கும் அளவு சிறியது. 8,000 பைட் என்று போட்டிருப்பார்கள், அது முழு அளவுப் பாக்கெட் ஐந்துதான், ஆறாவது விழுந்ததும் டிசிபி பாதியாகச் சுருங்கிவிடும். வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கி எட்டால் வகுங்கள். 10 மெகாபிட், 100 மில்லிநொடி என்றால் 1,25,000 பைட், அங்கிருந்து ஆரம்பியுங்கள். வேகம் பிட்டிலும் பர்ஸ்ட் பைட்டிலும் கேட்கும் ஸ்விட்சுகள் நிறைய, அலகைப் பாருங்கள். ஷேப்பர் போட முடிந்தால் போலீசரையே விட்டுவிடலாம்.

## அறிகுறி: வயரில் சரி, வைஃபையில் மட்டும் வெட்டு

ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) மாட்டியிருக்கும் போர்ட் டிஎஸ்சிபியை நம்புகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து ஆக்சஸ் பாயின்டின் அட்டவணை. 46இன் மேல் மூன்று பிட்டை மட்டும் எடுத்தால் 5 வரும், வைஃபையில் 5 என்பது வீடியோ வகை, குரல் வகை 6உம் 7உம். பல கருவிகள் இப்படி மேல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக் குரலை வீடியோவோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம், 46ஐ 6க்குப் போடச் சொல்கிறது. அதுவும் சரியாக இருந்தால் அது ஸ்விட்ச் வேலை இல்லை, சேனல் நெரிசலைப் பார்க்க வயர்லெஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு நொடி நின்று போகிறது

பாஸ் ஃப்ரேம் ('கொஞ்சம் நிறுத்து' என்று கேட்கும் ஃப்ரேம்) கவுண்டரைப் பாருங்கள். சாதாரண ஃப்ளோ கன்ட்ரோல் வந்தால் அந்தப் போர்ட்டில் முன்னுரிமை வரிசை உட்பட எல்லாமே நிற்கும். தொங்கிப்போன ஒரு கணினியின் நெட்வொர்க் கார்டு 'நில், நில்' என்று அனுப்பிக்கொண்டே இருந்தால், அதற்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் ஸ்விட்சுக்குள் தேங்கி மற்றவர்களையும் பாதிக்கும். ஸ்டோரேஜுக்கு வேண்டும் என்று யாரும் கேட்காத இடத்தில் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். பாஸ் எதுவும் ஏறவில்லை, ஆனால் ஸ்பேனிங் ட்ரீயில் (ஸ்விட்சுகளுக்கிடையே லூப், அதாவது பாக்கெட் சுற்றிச் சுற்றி வரும் வளையம் வராமல் தடுக்கும் நெறிமுறை) டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்ற எண்ணிக்கை ஏறுகிறது என்றால், எங்கேயோ ஒரு லிங்க் விழுந்து எழுகிறது அல்லது லூப் இருக்கிறது. அதைத் தேடுங்கள், க்யூஓஎஸ் பக்கம் வராதீர்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

கேபிளும் எஸ்எஃப்பியும் மாற்றியும் அதே போர்ட்டில் மட்டும் சிஆர்சி ஏறினால், உங்கள் வேலை முடிந்தது, உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள். கோர் (மைய) ஸ்விட்சில் பாலிசி மாற்ற வேண்டும், திரும்பி வர வழி தெரியவில்லை என்றாலும் கூப்பிடுங்கள். சில ஸ்விட்சுகளில் பஃபர் பங்கை மாற்றும் நொடியில் போர்ட்டுகள் ஒரு கணம் நின்று எழும். கவுண்டர் எதுவும் ஏறாமல் இழப்பு மட்டும் இருந்தால் ஹார்டுவேர் கோளாறாகவோ மென்பொருள் பிழையாகவோ இருக்கலாம், அதைத் தயாரிப்பாளரின் ஆதரவுப் பிரிவுதான் பார்க்க முடியும்.

வருகிறவரிடம் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். கவுண்டர் அழித்த நேரம், புகார் வந்த நேரம், அந்த இரண்டு நேரத்துக் கவுண்டர் நகல், இரு முனையிலும் எடுத்த வயர்ஷார்க் பிடிப்பு, 184 பிங்கின் முடிவு, கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பது, இவற்றைக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள்.